இரண்டு முறை ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு இரும்புச் சொட்டு மருந்து தேவையா?

கடிதம் எழுதியவர் ஒரு தாய். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகள் 29-ஆவது வாரத்தில் 1,120 கிராம் எடையுடன் பிறந்தாள். எட்டு வாரம் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அங்கே இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள்: முதல் முறை 17 மில்லி, ஐந்தாவது வாரத்தில் 21 மில்லி. வீட்டுக்கு அனுப்பியபோது எடை 1.9 கிலோ, ஹீமோகுளோபின் 8.4. மூன்றாவது முறை ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்று சொல்லி, இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு வாரம் கொடுத்த பிறகு, மலம் கறுப்பாகப் போகிறதே என்று அதை நிறுத்திவிட்டார். "ஏற்றிய ரத்தத்திலேயே இரும்பு இருக்கிறது, மேலும் கொடுத்தால் கல்லீரல் கெட்டுவிடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னதும் ஒரு காரணம். இப்போது குழந்தைக்குப் பதினேழு வாரம், எடை 3.4 கிலோ. அதே வாரத்தில் பிறந்த ஓரகத்தியின் குழந்தை ஆறு கிலோவைத் தாண்டிவிட்டது. "இன்னொரு முறை ரத்தம் ஏற்றினால் எடை கூடுமா? என் பாலில் சத்து போதவில்லையா? என் ரத்தத்தையே கொடுத்திருக்கலாமே என்று கணவர் வருந்துகிறார், அது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்கள் என்னை நிறுத்தின. "பால் குடிக்கும்போது பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுகிறாள், நெற்றி வியர்க்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி மூன்று வாரத்தில் எடை 3.1 கிலோவிலிருந்து 3.4 கிலோவுக்கு மட்டுமே வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இந்த இரண்டுக்காக மட்டும், அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்காமல், இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பால் குடிப்பது இந்த வயதில் குழந்தை செய்யும் மிகக் கடினமான உடல் உழைப்பு. ரத்தசோகை இருந்தால் அதில் களைப்பும் வியர்வையும் வரலாம். இதயத்தில் ஏதேனும் கோளாறு இருந்தாலும் அதே அறிகுறிகள் வரலாம். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். கடிதம் வழியாக அதைத் தீர்மானிக்க முடியாது. குழந்தை வெளிறிப்போனாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இடையில் நின்று வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

முதலில் எடைக் கணக்கு

ஓரகத்தியின் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் மகள் பதினொரு வாரம் முன்னதாகப் பிறந்தவள். பதினேழு வாரத்திலிருந்து பதினொன்றைக் கழித்தால் அவளுடைய திருத்திய வயது ஆறு வாரம். அவள் எடையை வளர்ச்சி வரைபடத்தில் அந்த ஆறு வாரத்துக்கு நேரேதான் குறிக்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கிடுவோம். அப்படிப் பார்த்தாலும் அவள் வரைபடத்தின் அடிக்கோட்டை ஒட்டித்தான் இருக்கிறாள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் ஆறு வாரத்தில் 1.9 கிலோவிலிருந்து 3.1 கிலோவுக்கு வந்திருக்கிறாள். நாளொன்றுக்குச் சுமார் 29 கிராம்! இது நல்ல வளர்ச்சி. ஒரு தாய் தன் பாலைக் கொடுத்து வளர்த்த வளர்ச்சி. அதற்குப் பிறகான மூன்று வாரத்தில் நாளொன்றுக்கு 14 கிராமாகக் குறைந்திருக்கிறது. ஆகவே "பிறந்ததிலிருந்தே வளரவில்லை" என்பது சரியில்லை. நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவள் அண்மையில் மெதுவாகியிருக்கிறாள். காரணத்தைத் தேட வேண்டிய இடம் அந்த மூன்று வாரம்தான்.

நீங்கள் எடையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நீளமும் தலைச் சுற்றளவும் எனக்கு அதே அளவு முக்கியம். தலைச் சுற்றளவு ஒழுங்காகக் கூடிவந்தால் மூளை வளர்கிறது என்ற தெம்பு கிடைக்கும். அடுத்த முறை மூன்றையும் அளக்கச் சொல்லி, தேதியோடு எழுதி வாங்குங்கள்.

ஏன் ரத்தம் குறைந்தது, ஏன் ஏற்றினார்கள்

கருவிலிருக்கும் குழந்தை தனக்கு வேண்டிய இரும்பின் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து பெறுகிறது. 29-ஆவது வாரத்தில் பிறந்தவளுக்கு அந்தக் காலம் கிடைக்கவே இல்லை. கையிருப்பு சேர்வதற்கு முன்பே வெளியே வந்துவிட்டாள். அதோடு, சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிற எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. சிவப்பணுக்களின் ஆயுளும் குறைவு. பெரியவர்களுக்கு அது சுமார் 120 நாள். மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கு அதில் பாதிகூட இருப்பதில்லை.

இன்னொரு காரணத்தைப் பெற்றோர் பலர் யோசிப்பதில்லை: பரிசோதனைக்காக எடுக்கும் ரத்தம். உங்கள் மகள் பிறந்தபோது அவள் உடலில் இருந்த மொத்த ரத்தமே ஏறக்குறைய 100 மில்லிதான். அதிலிருந்து ஒரு மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடமிருந்து 50 மில்லி எடுப்பதற்குச் சமம். அந்தப் பரிசோதனைகள் அவள் உயிரைக் காக்கத் தேவைப்பட்டவை. அந்த இழப்பை ஈடுசெய்யவும், மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த உடலுக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேரவும் ரத்தம் ஏற்றினார்கள். இதில் உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. கர்ப்பத்தில் நீங்கள் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எதைத் தவிர்த்திருந்தாலும் இந்த ரத்தசோகை வந்தே இருக்கும்.

8.4 என்ற எண் உங்களைக் கலங்கடித்திருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த நான்கு முதல் பத்து வாரத்துக்குள் ஹீமோகுளோபின் இப்படி இறங்கி, பிறகு தானாக ஏறத் தொடங்கும். மூச்சுக்கு உதவி தேவைப்படாமல், பால் குடித்து, எடை கூடிக்கொண்டிருந்த குழந்தையை 8.4-இல் வீட்டுக்கு அனுப்பியது சரியான முடிவு.

இன்னொரு முறை ரத்தம் ஏற்றினால் எடை கூடுமா?

எடைக்காக ரத்தம் ஏற்றக் கூடாது. ஹீமோகுளோபினை உயர்வாகவே வைத்திருந்தால் குழந்தைகள் நன்றாக வருவார்களா என்ற கேள்வியை மருத்துவ உலகம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2020-இல் இரண்டு ஆய்வுகளின் முடிவு வெளிவந்தது. அமெரிக்காவில் நடந்ததில் 1,824 குழந்தைகள், ஐரோப்பாவில் நடந்ததில் 1,013 குழந்தைகள். எல்லோரும் உங்கள் மகளைவிடச் சிறியவர்கள், ஒரு கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் சற்று இறங்கியதுமே ரத்தம் ஏற்றினார்கள். மற்றப் பிரிவினருக்கு நன்றாக இறங்கும் வரை பொறுத்தார்கள். அமெரிக்க ஆய்வில், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு மூச்சு உதவி தேவைப்படாத குழந்தைக்கு அந்த எல்லை 7. ஏறக்குறைய இரண்டு வயதில் பார்த்தபோது, உயிர் பிழைப்பதிலும் மூளை வளர்ச்சியிலும் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. உங்கள் மருத்துவர்கள் பொறுத்திருந்ததற்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது.

ஏற்றிய ரத்தத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பெரியவர்களின் ஹீமோகுளோபின், குழந்தையின் ஹீமோகுளோபினைவிட எளிதாக ஆக்ஸிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்கும். உடல் அதனால் திருப்தியடைந்து, எரித்ரோபாய்ட்டின் சுரப்பதை இன்னும் தள்ளிப்போடும். எலும்பு மஜ்ஜை விழித்து வேலை தொடங்குவது தாமதமாகும். தேவையுள்ள நேரத்தில் இது பொருட்டே இல்லை. தேவையில்லாதபோது, தானே எழுந்துவரும் மஜ்ஜையை மறுபடி தூங்கவைத்ததாகிவிடும்.

இப்போது ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருந்து, அதனால்தான் களைப்பு என்று மருத்துவர் முடிவுசெய்தால் நிலைமை வேறு. அப்போது ரத்தம் ஏற்றுவது சிகிச்சை, தயங்காதீர்கள். எடை கூடுவதற்கு வேண்டியது போதிய பாலும் புரதமும், அதைக் களைப்பில்லாமல் குடிக்கும் தெம்பும்.

இரும்புச் சொட்டு மருந்து: உறவினர் சொன்னதில் பாதி உண்மை

அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஏற்றிய ரத்தத்தில் இரும்பு உண்டு. அதிகமாகச் சேர்ந்த இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழி கிடையாது. பல முறை ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தைப் பரிசோதனை செய்து, அது லிட்டருக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால், இறங்கும் வரை இரும்பு மருந்தை நாங்களே தள்ளிப்போடுவோம்.

உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏற்றப்படும் செறிவான சிவப்பணுக்களில் ஒரு மில்லிக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை இரும்பு இருக்கும். அவளுக்கு ஏற்றியது மொத்தம் 38 மில்லி. ஆகக் கிடைத்த இரும்பு 19 முதல் 38 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி, பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தோடு போயிருக்கும்.

இனி செலவு. ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் வேண்டும். ஹீமோகுளோபின் 11, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு 11 கிராம், இருக்க வேண்டுமென்றால் அந்த 80 மில்லியில் ஏறக்குறைய 9 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். ஒரு கிராமில் 3.4 மில்லிகிராம் இரும்பு. எனவே குழந்தை ஒவ்வொரு கிலோ கூடும்போதும், ரத்தத்துக்கு மட்டும் 30 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. வீட்டுக்கு வந்தபிறகு அவள் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறாள்: 45 மில்லிகிராம். தசைக்கும் மூளைக்கும் வேண்டியது இதில் சேரவில்லை. ஏற்றிய ரத்தத்தில் வந்த இரும்பு இந்நேரம் செலவாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஐந்து வாரமாக மருந்தும் நின்றிருக்கிறது.

மூளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இரும்பு குறையும்போது உடல் அதை முதலில் சிவப்பணுவுக்கே ஒதுக்கும்; மூளைக்கு மிச்சம்தான் போகும். அதனால் ஹீமோகுளோபின் எண் பார்க்கச் சரியாக இருக்கும்போதே மூளையில் பற்றாக்குறை தொடங்கிவிடலாம். மூளை வேகமாக வளரும் இந்த மாதங்களில் ஏற்படும் பற்றாக்குறையைப் பின்னால் மருந்து கொடுத்து முழுதாக ஈடுகட்ட முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆகவே ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, ஃபெரிட்டின் மூன்றையும் ஒரே முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரெட்டிகுலோசைட் என்பவை புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள். அவை கூடியிருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது என்று அறியலாம். ஃபெரிட்டின் 35-க்குக் கீழே இருந்தால் இரும்பு பற்றவில்லை. 300-க்கு மேலே இருந்தால் பொறுக்கலாம். ஆய்வகத் தாளில் 'நானோகிராம்/மில்லி' என்று இருந்தாலும் எண் அதேதான், குழம்ப வேண்டாம். சளி, காய்ச்சல், கிருமித்தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்தைத் திரும்பத் தொடங்கும்போது பழைய அளவில் தொடங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் மிகப் பல வீடுகளில் நேர்வது இதுதான்: டிஸ்சார்ஜ் ஆன அன்று எழுதிய சொட்டு அளவே, குழந்தை இருமடங்கு எடை ஆன பிறகும் தொடர்கிறது. வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம். 1.9 கிலோவில் கிலோவுக்கு 2 என்றால் அது 3.8 மில்லிகிராம். இன்று 3.4 கிலோவுக்கு அதே கணக்கில் 6.8 மில்லிகிராம். நிறுத்தாமல் பழைய அளவையே கொடுத்திருந்தாலும் இன்று கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைச் சற்றே தாண்டியிருக்கும். ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் "இரும்பு அளவை மாற்ற வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

ஒவ்வொரு நிறுவனத்தின் மருந்திலும் செறிவு வேறு. கடையில் வேறு மருந்து கொடுத்தால், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி அளவை உறுதிசெய்த பிறகே கொடுங்கள். கரண்டியால் அளக்காதீர்கள், ஊசி இல்லாத சிரிஞ்சு சிறந்தது. கால்சியம் சொட்டு மருந்தும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் கொடுங்கள். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவுக்கு மீறிய இரும்பு சிறு குழந்தைகளுக்கு உண்மையிலேயே நஞ்சு. வீட்டில் பெரிய குழந்தை ஒன்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

மலம் கறுப்பதும் கரும்பச்சையாவதும் உறிஞ்சப்படாத இரும்பின் நிறம். தீங்கில்லை. தார் போலப் பிசுபிசுப்பாகவோ, சிவந்த ரத்தத்துடனோ போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

உங்கள் பாலில் குறையில்லை

தாய்ப்பாலில் இரும்பு இயற்கையாகவே குறைவு, லிட்டருக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம். நீங்கள் இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் பாலில் அது கூடாது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குக் கையிருப்பு இருப்பதால் முதல் மாதங்களில் இது போதும். உங்கள் மகள் ஒரு நாளில் குடிக்கும் அரை லிட்டர் பாலில் கிடைப்பது 0.25 மில்லிகிராமுக்கு மேல் இராது. நாளொன்றுக்கு 25 கிராம் வளர அவள் ரத்தத்துக்கு மட்டும் முக்கால் மில்லிகிராம் வேண்டும். இந்த இடைவெளியை அடைப்பது மட்டுமே சொட்டு மருந்தின் வேலை. கிருமித்தொற்றிலிருந்து காப்பதிலும் குடலுக்கு இதம் தருவதிலும் உங்கள் பாலுக்கு இணை கிடையாது. அதை நிறுத்திவிட்டுப் புட்டிப்பாலுக்கு மாறுவது இப்போது தேவையற்றது. ஒரு வயதுக்கு முன் மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே வேண்டாம். எடை தொடர்ந்து மந்தமாக இருந்தால், கறந்த தாய்ப்பாலில் செறிவூட்டி எனப்படும் கூடுதல் சத்துப் பொருளைச் சேர்த்துக் கொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

கணவரின் வருத்தம்

அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தந்தையின் ரத்தம் குழந்தைக்கு மேலானது என்ற எண்ணம் அன்பிலிருந்து வருவது. மருத்துவம் சொல்வது நேர்மாறானது. நெருங்கிய உறவினரின் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் குழந்தையின் உடலுக்கு அந்நியமாகத் தெரியாமல் தங்கிவிட்டு, பிறகு அந்த உடலையே தாக்கத் தொடங்கலாம். அரிதானது, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் உறவினரின் ரத்தம் என்றால் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றவே கூடாது என்பது விதி. மேலும், கர்ப்பத்தின்போது தாயின் உடலில் தந்தை வழிக் கூறுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகி, குழந்தைக்கும் வந்திருக்கலாம். தந்தையின் சிவப்பணுக்களை அவை அழிக்கக்கூடும். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் முடித்து ரத்த வங்கியிலிருந்து வந்த, முகம் தெரியாத ஒருவரின் ரத்தமே உங்கள் மகளுக்கு ஏற்றது. அவர் ரத்தம் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். அது இன்னொரு குழந்தைக்குப் போகும்.

இனி ரத்தம் ஏற்றச் சொன்னால், ஏன் இப்போது, எத்தனை மில்லி, வெள்ளையணு நீக்கப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விளங்கிக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள். அவகாசம் இருந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். உயிர் ஆபத்தான நேரத்தில் மட்டும் கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் ஏற்றிய தேதிகளும் அளவும் உள்ள டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கு உடனடியான காரணம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் தங்கைக்குத் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தநோய்) மரபணு உண்டு என்றும், மகளுக்கு ஆறாவது வாரத்தில் எடுத்த பரிசோதனையில் "இல்லை" என்று வந்தது என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை ரத்தம் ஏற்றிய பின் எடுத்த அந்த முடிவை நம்ப முடியாது. கொடையாளரின் ஹீமோகுளோபினும் அதில் கலந்திருக்கும். கடைசியாக ரத்தம் ஏற்றி நான்கு மாதமாவது கடந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் நீங்களும் கணவரும் தலசீமியா பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் இருவரில் ஒருவருக்கு அது இல்லை என்று தெரிந்தாலே குழந்தைக்குக் கடுமையான வகை வரும் அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இந்த வாரப் பரிசோதனை முடிந்ததும் மூன்று ரத்த எண்களையும், எடை, நீளம், தலைச் சுற்றளவையும், மருத்துவர் இதயத்தைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து எனக்கு மீண்டும் எழுதுங்கள்.